திருச்சபைப் பதிவேட்டில் ஓர் இதயத்துடிப்பு

1893ஆம் ஆண்டு கேப் டவுனில் ஒரு குடிவழி நூலின் முதல் தொகுதி வெளிவந்தது. அதன் டச்சுத் தலைப்பைப் 'பழைய கேப் குடும்பங்களின் வம்சப் பதிவேடு' என்று தமிழாக்கலாம். தொகுத்தவர் கிறிஸ்டோஃபெல் கூட்சே டி வில்லியர்ஸ். அச்சில் அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை, 1887இலேயே காலமாகிவிட்டார். வரலாற்றாசிரியர் ஜார்ஜ் மக்கால் தீல் மூன்று தொகுதிகளாக அதைப் பதிப்பித்து முடித்தார். யார் யாரை மணந்தார், பிள்ளைகள் எத்தனை, எந்த நாளில் ஞானஸ்நானம் என்று பக்கம் பக்கமாகப் பெயர்களும் தேதிகளும் மட்டுமே நிறைந்த நூல் அது. இலக்கிய ருசி தேடிப் போகிறவர்களுக்கு அதில் ஒன்றும் அகப்படாது. தம் மூதாதை இன்னார் என்று சொல்லிக்கொள்ள விரும்பிய குடும்பங்களுக்காகத் தொகுக்கப்பட்டது. ஆனால் இத்தகைய குடிவழிகளை மருத்துவர்கள் நோயாளிகளின் படுக்கையருகே கொண்டுவந்து விரித்த கதை ஒன்று 20ஆம் நூற்றாண்டில் நடந்தது. நாம் இங்கே சொல்ல எடுத்துக்கொண்டது அந்தக் கதையைத்தான்.

முதலில் அந்த நிலத்தைப் பற்றிச் சிறிது. 1652இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் யான் வான் ரீபெக் ஆப்பிரிக்காவின் தென்முனையில் இறங்கினார். நாடு பிடிப்பது அப்போது நோக்கமன்று. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கிழக்கே செல்லும் கப்பல்களுக்குக் குடிநீரும் காய்கறியும் இறைச்சியும் கிடைக்க வழியில் ஒரு தங்குமிடம் வேண்டியிருந்தது. பழவேற்காட்டில் கோட்டை கட்டியதும், 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பறித்ததும் இதே கம்பெனிதான். 1657இல் கம்பெனிச் சேவகர் சிலர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டுச் சொந்தமாக உழுதுண்ண நிலம் பெற்றனர். பிரான்சில் புராட்டஸ்டண்டுகளுக்கு இருந்த பாதுகாப்பை 1685இல் பதினான்காம் லூயி நீக்கிவிட, அங்கிருந்து ஓடிவந்த ஹியூகனாட் அகதிகளில் இருநூறுக்கும் குறைவானோர் 1688ஐ ஒட்டிக் கேப்பில் வந்து சேர்ந்தனர். இவர்களோடு கம்பெனியில் படைவீரர்களாக வந்த ஜெர்மானியர்களும் இருந்தனர்.

வந்தவர்கள் சிலர்; பெற்றவர்களோ பலர். நிலம் விரிந்து கிடந்தது (அது அங்கே ஏற்கெனவே வாழ்ந்த கொய்கொய் மக்களின் மேய்ச்சல் நிலம் என்பதை மறக்கலாகாது). குடும்பத்துக்குப் பத்துப் பிள்ளைகள் என்பது அதிசயமாக இல்லை. இன்றைய ஆப்பிரிக்கானர் எண்ணிக்கை இருபத்தைந்து லட்சத்துக்கும் மேல். கைப்பிடி விதையிலிருந்து ஒரு காடே எழுந்ததைப் போன்றது இது. அந்தக் கைப்பிடியில் ஒரு விதைக்கு ஏதேனும் கோணல் இருந்தால், காட்டில் அந்தக் கோணல் எண்ணற்ற மரங்களில் தெரியும். மரபியலாளர்கள் இதனை 'நிறுவனர் விளைவு' என்கிறார்கள்.

இந்தக் கோணல்களில் முதலில் துப்புத் துலங்கியது இதயத்தைச் சேர்ந்ததன்று. பிரிட்டனிலிருந்து வந்து போர்ட் எலிசபெத்தில் மருத்துவம் பார்த்த ஜெஃப்ரி டீன், பார்பிட்டுரேட் வகை மருந்து கொடுத்ததும் சிலர் வாதம் கண்டு வீழ்வதைக் கவனித்தார். அவர்களுடைய உறவினர்களுக்கு வெயில் பட்டால் கையில் தோல் எளிதில் உரிந்தது. போர்ஃபிரியா என்னும் பரம்பரைக் கோளாறு அது. டீன் வீடு வீடாகச் சென்றார், குடிவழிகளைப் புரட்டினார், கிழவர்களின் புறங்கைகளைப் பார்த்தார். 1688இல் கேப்பில் மணந்த கெரிட் யான்ஸ், ஆரியான்ட்யே யாக்கோப்ஸ் தம்பதியிடம் வந்து நின்றன எல்லாக் கிளைகளும். ஆரியான்ட்யே, குடியேறிகளுக்கு மனைவியாவதற்கென்று ரோட்டர்டாம் அநாதை இல்லத்திலிருந்து அனுப்பப்பட்ட பெண்களில் ஒருத்தி. டீனின் நூல் 1963இல் வெளிவந்தது. அந்தக் கோளாறு இரண்டரை நூற்றாண்டுக் காலம் பெரிய தொல்லை தராமல் இரத்தத்தில் கிடந்து, பார்பிட்டுரேட் மருந்துகள் புழக்கத்துக்கு வந்த பின்னரே கொலைகாரனாயிற்று. ஒரு மரபணுவை நோயாக்குவது பல சமயங்களில் அது வாழ நேர்ந்த காலம்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எங்களுக்குத் தெரியவில்லை.

இந்த முறையை இதயத்துக்குப் பயன்படுத்தியவர்கள் அடுத்து வந்தார்கள். தென்னாப்பிரிக்கக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் இதய அடைப்பைப் பற்றி ஏ. ஜே. பிரிங்க், டாரிங்டன் ஆகிய இருவரும் 1977இல் ஒரு கட்டுரை எழுதினர். அடைப்பு என்றால் இரத்தக்குழாய் அடைப்பு அன்று. மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்கு இறங்கும் வழி மெல்லமெல்லத் தூர்ந்து போவது. அதன் முதல் வகையின் வேர் 1696இல் போர்ச்சுகலிலிருந்து கேப்புக்கு வந்து சேர்ந்த ஒருவரிடம் சென்று முடிந்தது. குரோமோசோம் 19இல் அது இருக்கிறது என்பது 1995இலும், டிஆர்பிஎம்4 என்ற மரபணுவில் ஒற்றை எழுத்து மாறியிருக்கிறது என்பது 2009இலும் தெரிந்தன. செல்லின் மேலுறையில் நின்று பணி செய்யும் ஒரு வாய்க்கால் புரதம், காலம் முடிந்ததும் உள்ளிழுக்கப்படாமல் மேலேயே தேங்கிவிடுகிறது. சில அணுக்கள் இடம் மாறியதன் பலன் இவ்வளவே. இந்நோய்க்குப் பேஸ்மேக்கர் கருவி பெரும்பாலும் போதுமானது. ஆகவே இதைக் கடந்து, இன்னும் இளம் உயிர்களைக் கேட்கும் மற்றொன்றுக்கு வருகிறோம்.

அதன் முதல் குறிப்பு கேப்பில் இல்லை, ஜெர்மனியில் இருக்கிறது. 1856இல் ஃப்ரீட்ரிக் மைஸ்னர், லைப்சிக் நகரின் செவிடர் பள்ளி ஒன்றில் நடந்ததைப் பதிவு செய்தார். ஏதோ சிறு குற்றத்துக்காகத் தலைமையாசிரியர் முன் நிறுத்தப்பட்ட ஒரு சிறுமி, கண்டிக்கப்பட்ட அந்த நொடியில் விழுந்து இறந்தாள். செய்தி கேட்ட பெற்றோர் வியக்கவில்லை என்பதுதான் குறிப்பில் நெஞ்சை அறைவது. அவர்களுடைய வேறு இரு பிள்ளைகளில் ஒருவர் பெரும் அச்சத்துக்குப் பின்னும், மற்றவர் கடுஞ்சினத்துக்குப் பின்னும் இதேபோல் இறந்திருந்தார்களாம். நூறாண்டு கழித்து, 1957இல், நார்வேயின் யெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இரு மருத்துவர்கள் ஆறு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்தை விவரித்தார்கள். நால்வருக்குச் செவி கேட்கவில்லை. அந்நால்வரும் அடிக்கடி மயங்கி விழுந்தனர். மூவர் நான்கு, ஐந்து, ஒன்பது வயதுகளில் திடீரென இறந்தனர். இப்போது இ.சி.ஜி. கையில் இருந்தது. அந்தக் கோட்டில் 'க்யூ' முனையிலிருந்து 'டி' அலை முடியும்வரை உள்ள இடைவெளி அளவுக்கு மீறி நீண்டிருந்தது. செவிக்குறை இல்லாமலே இதே நீட்சி வரக்கூடும் என்பதை 1963இல் இத்தாலியின் ரொமானோவும், 1964இல் டப்ளினின் வார்டும் தனித்தனியே எழுதினர்.

இந்த நீட்சி ஏன் கொல்கிறது? இதயத் தசைச் செல் ஒவ்வொரு துடிப்பிலும் மின்னேற்றம் மாறிச் சுருங்குகிறது. அடுத்த துடிப்புக்கு முன் அது பழைய நிலைக்குத் திரும்பியாக வேண்டும். பொட்டாசியம் அயனிகள் செல்லைவிட்டு வெளியேறுவதால் அது நிகழ்கிறது. அதற்கான வாயில்களில் ஒன்றைக் கட்டும் மரபணு கேசிஎன்க்யூ1. அது கட்டும் வாயில் நிதானமானது. அமைதியான வேளையில் அதன் தேவை அதிகமில்லை. ஓடும்போதும் நீந்தும்போதும் அஞ்சும்போதும் அட்ரினலின் பாய்ந்து துடிப்பு விரைகிறதே, அப்போதுதான் அது அகலத் திறந்து செல்லை விரைவாகத் தயார்படுத்துகிறது. வாயில் பழுதென்றால் துடிப்பு விரையும், தயார்நிலை பின்தங்கும். அந்த இடைவெளியில் ஒரு தவறான துடிப்பு நுழைந்தால் தாளம் குலைந்து கோடுகள் முறுக்கிய கயிறு போலச் சுழலத் தொடங்கும். 1966இல் பிரெஞ்சு மருத்துவர் தெஸெர்த்தென் இதற்கு 'முனைகளின் முறுக்கு' என்றே பெயரிட்டார். முறுக்கு தானே அவிழ்ந்தால் அது வெறும் மயக்கம். அவிழாவிட்டால் மரணம். விழுந்த பிள்ளை உதறுவதைக் கண்டு வலிப்பு நோய் என்று முடிவு கட்டி ஆண்டுக்கணக்கில் அதற்கே மருந்து கொடுத்த கதைகள் எல்லா நாடுகளிலும் உண்டு. லைப்சிக் சிறுமியைக் கொன்றது கண்டிப்பன்று; கண்டிப்பு கிளப்பிய அட்ரினலின் என்று இன்று நம்மால் ஊகிக்க முடிகிறது.

கேசிஎன்க்யூ1 அடையாளம் காணப்பட்டது 1996இல். அதன்பின் தென்னாப்பிரிக்காவில் இந்நோயுள்ள குடும்பங்களின் மரபணுக்களைப் படித்தபோது, ஒரே பிறழ்வு திரும்பத்திரும்ப வந்தது. புரதச் சங்கிலியின் 341ஆவது இடத்தில் அலனின் இருக்க வேண்டும், வாலின் இருந்தது. 'ஏ341வி' என்று அதைக் குறிக்கிறார்கள். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தின் பால் பிரிங்க், வலேரி கார்ஃபீல்ட் முதலியோரும், இத்தாலியின் பீட்டர் ஷ்வார்ட்ஸ், லியா க்ரோட்டி முதலியோரும் சேர்ந்து இதைப் பின்தொடர்ந்தனர். தமக்குள் உறவென்று அறியாத 22 குடும்பங்கள். மேலே ஏற ஏறக் கிளைகள் இணைந்தன. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கேப்பில் வாழ்ந்த, டச்சும் ஹியூகனாட்டும் கலந்த ஒரு தம்பதியிடம் அவை ஒன்றாயின. தம்பதி என்றுதான் பொதுவாகச் சொல்ல முடியும், கணவனா மனைவியா என்று பிரித்துக் காட்டப் பதிவேட்டால் இயலாது. பிள்ளைகள் எல்லாரும் இருவருக்கும் பிறந்தவர்கள்தாமே.

2005இல் இக்குழு வெளியிட்ட கணக்கு இது. 320 பேரைச் சோதித்ததில் 166 பேருக்குப் பிறழ்வு இருந்தது, 154 பேருக்கு இல்லை. பிறழ்வுள்ளவர்களில் 79 விழுக்காட்டினர் நாற்பது வயதுக்குள் மயக்கமோ அதைவிட மோசமானதோ கண்டிருந்தனர். உலகளாவிய பதிவுகளில் இதே மரபணு பழுதான பிற நோயாளிகளிடம் அந்த விகிதம் 30 விழுக்காடுதான். முதல் அறிகுறி தோன்றிய சராசரி வயது இவர்களுக்கு ஏழு, மற்றவர்களுக்குப் பதின்மூன்று. காரணமும் ஆய்வகத்தில் தெரிந்தது. அந்தப் பொட்டாசிய வாயில் நான்கு புரதத் துண்டுகள் கூடி அமைவது. தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து பழுதும் மற்றவரிடமிருந்து நலமும் வந்திருந்தால், நான்கும் நலமாகக் கூடும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. ஏ341வி துண்டு தான் செயலற்றிருப்பதோடு நில்லாமல், கூடியிருக்கும் நல்ல துண்டுகளையும் கெடுக்கிறது.

அப்படியானால் இவ்வளவு கொடியது முந்நூறு ஆண்டுகள் எப்படித் தங்கியது? பிள்ளைப் பருவத்திலேயே தாக்கும் ஒன்று, பிள்ளை பெறும் வயதுக்குள் தன்னைத் தானே அழித்துக்கொண்டிருக்க வேண்டாமா? விடை அதே எண்களுக்குள் இருக்கிறது. ஐந்தில் ஒருவருக்கு நாற்பது வயதுவரை எதுவுமே நேரவில்லை. மயங்கியவர்களிலும் பலர் எழுந்து, வளர்ந்து, மணந்து, பெற்றனர். பெரிய குடும்பங்களில் ஒரு குழந்தையின் சாவு அக்காலத்தில் விளக்கம் கோரவும் இல்லை. ஆற்றில் மூழ்கிய சிறுவனை ஆற்றின் கணக்கில்தான் எழுதியிருப்பார்கள்.

ஒரே தம்பதியின் வழியினர், ஒரே எழுத்துப்பிழை, ஆனாலும் ஒருவர் ஏழு வயதில் விழுகிறார், இன்னொருவர் எழுபதைத் தாண்டுகிறார். இந்தக் குடும்பங்களை மருத்துவ உலகம் இவ்வளவு காலம் விடாமல் பின்தொடர்ந்ததற்குக் காரணம் இதுதான். பிறழ்வு எல்லாருக்கும் ஒன்றே என்பதால், வேறுபாட்டை வேறெங்கோ தேடியாக வேண்டும். ஒன்று, இயல்பிலேயே நாடி மெதுவாக இருப்பவர்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 73 துடிப்புக்கும் குறைவானவர்களுக்கு ஆபத்து கணிசமாகக் குறைந்திருந்தது. மற்றொன்று, என்ஓஎஸ்1ஏபி என்ற வேறொரு மரபணுவின் சில வடிவங்கள். இவை தனியே இருந்தால் எவருக்கும் பெரிய தீங்கில்லை. ஏ341வி உள்ளவரிடம் சேர்ந்தால் பாரம் கூடுகிறது என்று 2009இல் எழுதினார்கள். பின்னர் இக்குடும்பத்தாரின் தோல் செல்களைத் தருசெல்களாக மாற்றி, அவற்றிலிருந்து கிண்ணத்தில் துடிக்கும் இதயச் செல்களை வளர்த்தார்கள். நோய் காணாதவர்களின் செல்களில், எம்டிஎம்ஆர்4 என்னும் மரபணுவின் ஒரு மாற்று வடிவம் பழுதான வாயில்களை அப்புறப்படுத்த உதவியது புலப்பட்டது. அதாவது சிலருடைய உடலுக்குள் குப்பை அள்ளுவோர் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்திருக்கிறார்கள்.

ஸ்வீடனின் வடக்கே ஓங்கர்மான் ஆற்றுப் பள்ளத்தாக்கின் கதையை இதனருகே வைத்துப் பார்க்கலாம். அங்கும் இதே கேசிஎன்க்யூ1 மரபணு, ஆனால் 111ஆவது இடத்தில் பிழை. அங்கும் திருச்சபைப் பதிவேடுகள். 1686ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் பங்குதோறும் பதிவேடு வைக்கச் சொன்னது. அன்னிகா வின்போவும் குழுவினரும் அவற்றின் வழியே பல குடும்பங்களை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த ஒரு தம்பதியிடம் கொண்டு சேர்த்தனர். காகிதம் அங்கே தீர்ந்தது. ஆனால் மரபணுவில் பிழையைச் சுற்றியுள்ள பகுதி எவ்வளவு நீளத்துக்கு எல்லாரிடமும் ஒன்றாக இருக்கிறது என்பதை அளந்தால் காலத்தைக் கணிக்கலாம். ஒவ்வொரு தலைமுறையும் அதன் ஓரங்களைக் கொஞ்சம் கத்தரித்துக்கொண்டே வருகிறது அல்லவா? அந்தக் கணக்கு ஏறத்தாழ 24 தலைமுறை, அறுநூறு ஆண்டு என்று வந்தது. எழுதப்பட்ட வரலாறு முடிந்த இடத்துக்கு அப்பாலும் உடல் தன் பங்குக்கு எழுதி வைத்திருக்கிறது. கேப்பைப் போலன்றி, இந்தக் குடும்பங்களில் திடீர் மரணங்கள் அரிது. 'ஏழு வயது' என்னும் எண்ணைக் கேட்டு அஞ்சும் ஒரு தாய், தன் பிள்ளையிடம் உள்ளது எந்த ஆற்றங்கரைப் பிழை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பதிவேடுகளைப் பற்றி இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. டி வில்லியர்ஸ் தொகுத்த பெயர்களைப் பின்வந்தவர்கள் பலர் ஐரோப்பியத் தூய்மைக்குச் சான்றாகவே வாசித்தனர். நிறவெறி ஆட்சியில் அந்த வாசிப்புக்குச் சட்டத்தின் பலமும் கிடைத்தது. ஆனால் அதே பதிவேடுகளில் ஊர்ப்பெயரையே குலப்பெயராகச் சுமந்த பெண்கள் இருக்கிறார்கள்: வங்காளத்தின் இன்னாள், கோரமண்டலத்தின் இன்னாள் என்று. 'பெரிய கத்ரெய்ன்' என்று அழைக்கப்பட்ட ஒருத்தி பழவேற்காட்டின் பெயரைச் சுமந்தவள். பத்தாவியாவில் ஒரு கொலைக்காக மரண தண்டனை பெற்று, அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட, 1657இல் கேப்பில் வந்து இறங்கினாள். அவள் மகன் கிறிஸ்டோஃபெல் ஸ்னைமன் ஒரு ஹியூகனாட் பெண்ணை மணந்தான். இன்று பரவியிருக்கும் ஓர் ஆப்பிரிக்கானர் குடும்பப் பெயரின் மூதாதை அவனே. (மேலே சொன்ன இதயப் பிழைக்கும் இவர்களுக்கும் தொடர்பு எதையும் நாம் கற்பிக்கவில்லை.) ஆப்பிரிக்கானரின் மூதாதையரில் ஏறத்தாழ 7 விழுக்காடு ஐரோப்பியர் அல்லாதோர் என்று ஜே. ஏ. ஹீஸ 1971இல் கணக்கிட்டார். 1980களில் ஹெச். எஃப். ஹீஸ இத்தகைய கலப்பு மணங்களைப் பெயரோடு அச்சிட்டபோது நாட்டில் பெருங்கூச்சல் எழுந்தது. நோயைச் சுமந்துவந்த ஐரோப்பிய மூதாதையை ஏற்றுக்கொள்ள முடிந்த வீடுகள் சில, நோயேதும் தராத பழவேற்காட்டுப் பாட்டியை ஏற்க மறுத்தன என்று எண்ணிப் பார்க்கையில் சிரிப்பும் வருகிறது, கூடவே கசப்பும்.

பெயரைச் சொல்வதன் விலையைப் போர்ஃபிரியாக் கதையிலும் காணலாம். அங்கே உரியும் தோலை ஒரு குடும்பத்தின் பெயராலேயே வட்டாரம் அழைத்தது. ஏ341வி தம்பதியின் பெயரை நாம் இங்கே எழுதாததற்கும் அதுவே காரணம். அவர்களின் வழித்தோன்றல்கள் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். காப்பீட்டுப் படிவம் நிரப்புகிறார்கள், பெண் கேட்டுப் போகிறார்கள்.

சிகிச்சை உண்டு. அட்ரினலினின் தாக்கத்தைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் இந்த வகைக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. அவை போதாதபோது இதயத்தின் இடப்புறம் வந்து சேரும் நரம்பை வெட்டும் அறுவை சிகிச்சையும், நெஞ்சில் பொருத்தும் மின்னதிர்ச்சிக் கருவியும் உள்ளன. தனியாக நீந்தாமல் இருப்பதும், க்யூ-டி இடைவெளியை நீட்டும் மருந்துகளை விலக்குவதும் மாத்திரை அளவுக்கே முக்கியம். ஆனால் மாத்திரை கொடுக்க முதலில் ஆள் தெரிய வேண்டும். 2005ஆம் ஆண்டு ஆய்வில் பிறழ்வுள்ளவர்களில் 12 விழுக்காட்டினரின் இ.சி.ஜி.யில் அந்த இடைவெளி இயல்பான அளவிலேயே இருந்தது. மயங்கியிராவிட்டால் இவர்களில் ஒருவர் எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் நலமாக இருக்கிறீர்கள் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவருடைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பிழை இறங்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. இத்தகையோரை ஆய்வாளர்கள் தேடி அடைந்தது, எங்கோ ஒரு சிற்றூரில் விழுந்த ஒரு குழந்தையிலிருந்து அதன் பாட்டனுக்கும், பாட்டனின் உடன்பிறந்தாருக்கும், அங்கிருந்து கிளை கிளையாகக் கீழிறங்கி வந்துதான். அப்படி இறங்கி வரும்போது அவர்கள் கையில் இருந்தது, யாருக்கு யார் பிறந்தார் என்பதைத் தவிர வேறெதையும் சொல்லாத அந்தச் சுவையற்ற பெயர்ப்பட்டியல்.